போட்டுக் கொடுத்தவனின் கதை

கறுப்பு வெள்ளைப் படம், அதுவும் இங்கிலீஷ் படம் என்றால் என் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் "ஆளை விடுப்பா சாமி" என்று ஓடிவிடுவார்கள். ஓடாமல் நிற்கிற மிச்சக் கால்வாசிப் பேரும் ஹிட்ச்காக் பெயரைச் சொல்லிவிட்டு அதோடு நிறுத்திக் கொள்வார்கள். நானும் அந்தக் கூட்டம்தான். போன மாதம் ஒரு படம் பார்த்தேன். பார்த்து முடித்த ராத்திரி தூங்கவில்லை. பேய்ப்படம் இல்லை, ரத்தமும் அதிகம் கிடையாது. மொத்தமே 82 நிமிடம்தான், நம்ம ஊர் படத்தில் இடைவேளை விடுகிற நேரத்தில் முடிந்துவிடும்.

படத்தின் பெயர் 'ஆக்ட் ஆஃப் வயலன்ஸ்'. 1948ஆம் வருஷக் கடைசியில் அமெரிக்காவில் வந்தது. எம்.ஜி.எம். தயாரிப்பு. இயக்கியவர் ஃபிரெட் ஸின்னமான். இவர் பெயர் தெரியாதவர்கள் கூட இவருடைய 'ஹை நூன்' (1952) பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்கு முன் எடுத்த இந்தப் படம் ஓடவில்லை. பாட்டும் கூத்துமாகப் பளபளவென்று படம் எடுத்துக் கொண்டிருந்த கம்பெனியில் இருந்து இப்படி ஒரு இருட்டுப் படம் வந்தால் யார் போவார்கள்? சினிமா பைத்தியங்கள் மட்டும் இதை ஒருவர் காதில் ஒருவர் சொல்லிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அந்த வேலையை இப்போது நான் செய்கிறேன்.

ஒரு எச்சரிக்கை: கதையை முழுக்கச் சொல்லப் போகிறேன். சொல்லாமல் இதைப் பற்றிப் பேசவே முடியாது. சஸ்பென்ஸ் போய்விடுமே என்று வருத்தப்படுகிறவர்கள் முதலில் போய்ப் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் இங்கேயேதான் இருப்பேன்.

நியூயார்க். ராத்திரி. மழைக்கோட்டு போட்ட ஒருத்தன் ஒரு காலை இழுத்து இழுத்துத் தெருவைத் தாண்டுகிறான். மாடியேறி ரூமுக்குப் போகிறான். டிராயரைத் திறந்து துப்பாக்கியை எடுத்துக் குண்டு போடுகிறான். திரையில் படத்தின் பெயர் மட்டும் வருகிறது. நடிகர், டைரக்டர் யார் பேரும் இல்லை, எல்லாம் கடைசியில்தான். அவன் பஸ் பிடிக்கிறான். அமெரிக்காவின் இந்தக் கோடியில் ஏறி அந்தக் கோடியில், கலிஃபோர்னியாவில் ஒரு சின்ன ஊரில் இறங்குகிறான். அன்றைக்குப் போரில் செத்தவர்களை நினைவுகூரும் நாள். தெருவில் கொடி பிடித்து ஊர்வலம் போகிறது. இவன் அந்த ஊர்வலத்துக்குக் குறுக்கே காலை இழுத்துக்கொண்டு போகிறான். இத்தனைக்கும் இவனும் போருக்குப் போய்வந்தவன்.

இவன் பெயர் ஜோ. நடித்தவர் ராபர்ட் ரயன். இவன் தேடி வந்திருக்கிற ஆள் ஃபிராங்க், நடித்தவர் வான் ஹெஃப்லின். ஃபிராங்க் அந்த ஊரில் பெரிய மனுஷன். போரில் இருந்து திரும்பிய வீரன், வீடு கட்டிக் கொடுக்கிற கான்ட்ராக்டர். புதுக் குடியிருப்புக்கு விழா நடக்கிறது, ஃபிராங்க்தான் விழா நாயகன். அழகான மனைவி, கைக்குழந்தை. மனைவியாக வருவது ஜேனட் லீ. பன்னிரண்டு வருஷம் கழித்து 'சைக்கோ'வில் குளியலறையில் சாகப் போகிறவர், இதில் இருபது வயசுப் பெண்.

இந்த இடத்தில் 1948ல் தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதற்கு முந்தின வருஷம்தான் 'கிராஸ்ஃபயர்' படத்தில் ராபர்ட் ரயன் யூத வெறுப்புப் பிடித்த கொலைகாரச் சிப்பாயாக நடித்துப் பெயர் வாங்கியிருந்தார். அதே மூஞ்சி இங்கே துப்பாக்கியோடு வருகிறது. எதிரில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிற ஒரு நல்ல அப்பா. யார் வில்லன் என்று டிக்கெட் கிழிக்கிறவருக்கே தெரியும். ஃபிராங்க் ஏரிக்கு மீன் பிடிக்கப் போகிறான், ஜோ பின்னாலேயே போய் ஒரு படகை வாடகைக்கு எடுக்கிறான். நாம் பதறுகிறோம். கால் சரியில்லாத ஒருத்தன் உன்னைத் தேடினான் என்று யாரோ சொல்ல, ஃபிராங்க் முகம் செத்துப் போகிறது. மீனும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று வீட்டுக்கு ஓடி வந்து விளக்கை அணைக்கிறான், திரையை இழுத்து விடுகிறான், கதவைப் பூட்டுகிறான்.

அப்புறம் வருகிற காட்சிக்காக மட்டுமே இந்தப் படத்தைப் பார்க்கலாம். இருட்டு வீடு. உள்ளே புருஷனும் பெண்டாட்டியும். வெளியே ஒரு காலடிச் சத்தம். ஒரு கால் ஊன்றுகிறது, ஒரு கால் தரையில் தேய்கிறது. ஊன்றுகிறது, தேய்கிறது. சத்தம் வீட்டைச் சுற்றி வருகிறது. என்னுடைய ஓட்டை ஹெட்போனிலேயே முதுகு சில்லிட்டது. "யார் அது, போலீஸைக் கூப்பிடலாம்" என்கிறாள் மனைவி. அவன் வேண்டாம் என்கிறான். ஏன் வேண்டாம்? இந்த ஒரு கேள்வியில் படம் திரும்ப ஆரம்பிக்கிறது.

'ஃபிலிம் நுவார்' என்ற பெயரை வைத்தது பிரெஞ்சுக்காரர்கள். நாஜி ஆக்கிரமிப்பு இருந்தவரை அங்கே அமெரிக்கப் படங்கள் வரவில்லை. போர் முடிந்து 1946ல் சேர்த்து வைத்து மொத்தமாக வந்து இறங்கியபோது, இதென்ன எல்லாப் படமும் இப்படி இருட்டிக் கிடக்கிறது என்று பார்த்து நினோ ஃபிராங்க் என்ற விமர்சகர் 'கறுப்புப் படம்' என்று எழுதினார். இந்த வகைக்கு ஒரு ஃபார்முலா உண்டு. ஒரு தொப்பி போட்ட துப்பறிவாளன், அவனைக் கவிழ்க்கிற ஒரு அழகி, ஒரு பெட்டிப் பணம் அல்லது ஒரு இன்ஷூரன்ஸ். 'டபுள் இன்டெம்னிட்டி' (1944), 'அவுட் ஆஃப் தி பாஸ்ட்' (1947) எல்லாம் நல்ல படங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மாதிரி அழகி என்னை வந்து கவிழ்க்கப் போவதில்லை, நானும் யார் இன்ஷூரன்ஸுக்காகவும் கொலை செய்யப் போவதில்லை. தூர நின்று ரசித்துவிட்டு வந்துவிடலாம். 'ஆக்ட் ஆஃப் வயலன்ஸ்' அப்படித் தூர நிற்க விடுவதில்லை. இதில் துப்பறிவாளன் இல்லை, நகை இல்லை, பெட்டி இல்லை. ஒரு மனுஷன் ஒரு தடவை செய்த ஒரு காரியம் மட்டும் இருக்கிறது.

அந்தக் காரியம் இதுதான். ஃபிராங்கும் ஜோவும் நண்பர்கள். ஜெர்மனியில் ஒரே போர்க்கைதி முகாமில் இருந்தவர்கள். அங்கே ஃபிராங்க்தான் சீனியர் அதிகாரி. ஜோவும் மற்றவர்களும் சுரங்கம் தோண்டித் தப்பிக்கத் திட்டம் போடுகிறார்கள். போனால் செத்துவிடுவீர்கள் என்று ஃபிராங்க் தடுத்துப் பார்க்கிறான். கேட்கவில்லை. அவன் நேராக முகாம் தலைவனிடம் போய்ச் சொல்லிவிடுகிறான், அவர்களைக் காப்பாற்றுவதற்காக. ஒன்றும் செய்ய மாட்டோம், சும்மா சுரங்கத்தை மூடிவிடுவோம் என்கிற மாதிரி அவர்களும் வாக்குக் கொடுக்கிறார்கள். பிறகு அத்தனை பேரையும் கொன்று போடுகிறார்கள். பிழைத்தவன் ஜோ ஒருத்தன் மட்டும், அந்தக் காலோடு.

இதை ஃபிராங்க் தன் மனைவியிடம் சொல்கிற இடம் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு ஹோட்டலின் பின்பக்கப் படிக்கட்டு. உள்ளே கட்டடக்காரர்கள் மாநாடு, குடி, கும்மாளம். வெளியே படிக்கட்டில் இவர்கள். முதலில் எல்லோரும் சொல்வதைத்தான் சொல்கிறான்: அவர்கள் நல்லதுக்காகத்தான் செய்தேன். கொஞ்சம் நிறுத்துகிறான். அப்புறம், அவர்கள் எனக்குச் சாப்பாடு கொடுத்தார்கள், நான் சாப்பிட்டேன் என்கிறான். வெளியே அவர்கள் செத்துக் கொண்டிருக்க நான் சாப்பிட்டேன். ஒருவேளை அந்தச் சாப்பாட்டுக்காகத்தான் போய்ச் சொன்னேனோ என்னவோ.

இந்த 'ஒருவேளை'யை நான் வேறு எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. நம்ம படங்களில் துரோகி என்றால் துரோகிதான், முதல் ரீலிலேயே மீசையை முறுக்குவான். நல்லது நினைத்துச் செய்தவன் என்றால் கடைசியில் எல்லோரும் காலில் விழுவார்கள். தனக்கே தெரியாத ஆள் ஃபிராங்க். நல்லதுக்குச் செய்தேனா, பசிக்குச் செய்தேனா? இரண்டும் கலந்திருந்தால் எத்தனை பங்கு எது?

ஒரு சின்ன கிளைக்கதை. நம்மூரிலும் போரையும் துரோகத்தையும் வைத்து ஒரு இருட்டுப் படம் உண்டு, வீணை எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954). 1943 அக்டோபரில் சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த நேரத்துக் கதை, பாட்டே கிடையாது, சிவாஜி தேசத் துரோகி. எனக்கு ரொம்பப் பிடித்த படம். ஆனால் அதில் வருகிற துரோகிக்குத் தான் செய்ததில் சந்தேகமே இல்லை. ஃபிராங்க் கதை வேறு.

ஸின்னமான் ஏன் இப்படி ஒரு கதையை எடுத்தார் என்று தேடிப் பார்த்தேன். அவர் ஆஸ்திரிய யூதர். இளைஞனாக 1929ல் ஹாலிவுட்டுக்குக் கிளம்பி வந்தவர். ஊரில் தங்கிவிட்ட அப்பா அம்மா இரண்டு பேரையும் நாஜிகள் கொன்றுவிட்டார்கள். அது அவருக்குத் தெரிய வந்தது போருக்குப் பிறகு. இந்தப் படத்துக்குச் சற்று முன் இடிந்து கிடந்த ஜெர்மன் நகரங்களுக்கே போய், அனாதையான குழந்தைகளை வைத்து 'தி சர்ச்' (1948) எடுத்தார். அதை முடித்துவிட்டு வந்து இதை எடுக்கிறார். பிழைத்துக் கிடப்பதே ஒரு குற்றம் மாதிரி உறுத்தும் என்பது அந்த மனுஷனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? நடிகர்களும் சும்மா வேஷம் போட்டவர்கள் இல்லை. ஹெஃப்லின் போரில் விமானப்படையில் கேமரா பிடித்தவர். ரயன் மரைன் படையில் பயிற்சி கொடுத்தவர்.

இன்னொன்று. 1947 அக்டோபரில்தான் அமெரிக்க நாடாளுமன்றக் கமிட்டி ஒன்று ஹாலிவுட்காரர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, நீ கம்யூனிஸ்டா, உன் கூட வேறு யார் யார் என்று கேட்க ஆரம்பித்தது. யார் யாரைப் போட்டுக் கொடுப்பார்கள் என்று ஊரே பயந்து கிடந்த சமயத்தில் வந்த படம் இது. இதற்குத் திரைக்கதை எழுதிய ராபர்ட் எல். ரிச்சர்ட்ஸே பின்னால் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டு வேலை இழந்தார். அதை மனதில் வைத்துத்தான் எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இந்த விஷயம் தெரிந்த பிறகு இரண்டாம் தடவை பார்த்தேன், படம் இன்னும் கனமாக இருந்தது.

சரி, கதைக்கு வருவோம். உண்மை தெரிந்த நிமிஷத்தில் இருந்து நாம் யார் பக்கம் என்று தெரியாமல் போய்விடுகிறது. துப்பாக்கி வைத்திருப்பவன் பாதிக்கப்பட்டவன். ஓடுகிறவன் குற்றவாளி. அவன் பெண்டாட்டி பிள்ளை என்ன பாவம் செய்தார்கள்? ஃபிராங்க் ராத்திரியில் லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் ஓடுகிறான். ஸ்டுடியோ செட் இல்லை, பங்கர் ஹில் என்ற நிஜமான பழைய பேட்டை. ஒரு காலத்தில் பணக்காரர்களின் மர மாளிகைகளாக இருந்து, பிறகு வாடகை ரூம்களாகப் பாழடைந்த மேடு. செங்குத்துப் படிக்கட்டுகள், 'ஏஞ்சல்ஸ் ஃப்ளைட்' என்ற குட்டி ரயில், மேட்டுக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை. ஃபிராங்க் அந்தச் சுரங்கப்பாதைக்குள் ஓடி நின்று, பழைய குரல்கள் காதில் கேட்க, ஜோவின் பெயரைச் சொல்லிக் கத்துகிறான். அந்த இன்னொரு சுரங்கத்தை எதுவுமே காட்டாமல் ஞாபகப்படுத்திவிடுகிறார் டைரக்டர். மொத்தப் படத்திலும் முகாமைக் காட்டுகிற ஃபிளாஷ்பேக் ஒன்று கூடக் கிடையாது. கேமரா ராபர்ட் சர்ட்டீஸ், பின்னால் 'பென்ஹர்' (1959) எடுத்து ஆஸ்கர் வாங்கிய அதே ஆள். இன்றைக்கு அந்தப் பேட்டை இல்லை. 1960களில் வீடுகளை இடித்துத் தள்ளிவிட்டார்கள். அந்தக் குட்டி ரயிலை 1969ல் நிறுத்தி, பல வருஷம் கழித்து 1996ல் கொஞ்சம் தள்ளி வேறு இடத்தில் வைத்தார்கள். கதை பிடிக்காதவர்கள் கூட அந்தப் பத்து நிமிஷம் பார்த்தால் அழிந்து போன ஒரு ஊரை ராத்திரியில் சுற்றிவிட்டு வரலாம்.

ஓடி ஓடி ஒரு மதுக்கடையில் போய் விழுகிறான். அங்கே பேட் என்று ஒரு பெண். வயசாகிவிட்டது, தொழிலும் சரியில்லை, மனசு மட்டும் முழுசாகக் கெட்டுப் போகவில்லை. நடித்தவர் மேரி ஆஸ்டர். 1941ல் 'தி மால்ட்டீஸ் ஃபால்கன்' படத்தில் ஆளைக் கவிழ்க்கிற அந்த ஃபார்முலா அழகியாக வந்தவரே இவர்தான்! அதற்கப்புறம் எம்.ஜி.எம். இவரைப் பிடித்து அம்மா வேஷத்திலேயே உட்கார வைத்துவிட்டது. இந்தப் படத்தில் கிடைத்த சின்ன வேஷத்தில் மொத்தப் படத்தையும் தூக்கிக்கொண்டு போகிறார். இந்த பேட் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு ஃபிராங்கை ஒரு குறுக்குவழி வக்கீலிடம் கூட்டிப் போக, அங்கே இருந்து ஒரு கூலிக் கொலைகாரன் வருகிறான். போதையில், பயத்தில், ஜோவைக் கொல்ல ஃபிராங்க் சரி என்று தலையாட்டிவிடுகிறான். ஆக இரண்டாம் தடவையும் அதே நண்பனைச் சாகக் கொடுக்கிறான். காலையில் போதை தெளிந்து எழுந்து உட்காரும்போது அவன் முகத்தைப் பாருங்கள்.

குறையே இல்லையா என்றால் இருக்கிறது. ஜோவின் காதலியாக வரும் ஆன் (ஃபிலிஸ் தாக்ஸ்டர்) பாவம், ஊர் விட்டு ஊர் வந்து "வேண்டாம், வேண்டாம்" என்று சொல்வதைத் தவிர அதிகமாக வேலை இல்லை. சில இடத்தில் பின்னணி இசை தேவைக்கு மேல் அலறுகிறது. முடிவு பற்றித்தான் எனக்குப் பெரிய சண்டை. ராத்திரி ரயில் நிலையத்துக்கு ஜோ வருகிறான், கூலிக்காரன் காரில் காத்திருக்கிறான், ஃபிராங்க் குறுக்கே புகுந்து குண்டை வாங்கிக்கொண்டு சாகிறான். அந்தக் கால ஹாலிவுட்டில் தணிக்கை விதிப்படி தப்பு செய்தவன் தண்டனை அனுபவித்தே ஆக வேண்டும். அதற்கு இது வசதியான வழி. செத்துவிட்டால் கணக்கு தீர்ந்தது! ஃபிராங்க் உயிரோடு இருந்து, மறுநாள் காலை ஜோவும் அவனும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் என்ன பேசியிருப்பார்கள்? எனக்கு அந்தக் காட்சிதான் வேண்டும். படம் அதைக் கொடுக்கவில்லை. ஜோ மண்டியிட்டு, அவன் மனைவியிடம் நானே போய்ச் சொல்கிறேன் என்கிற இடத்தில் தொண்டை அடைத்தது உண்மை. ஆனாலும் அது தப்பித்தல்தான்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டால், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வாரமாக இழுத்தடித்தது இதனால்தான்.

நாங்கள் இரண்டாம் வருஷம் படித்தபோது ஹாஸ்டலுக்குப் பின்னால் ஒரு பழைய கல்குவாரிக் குட்டை. ராத்திரி சுவர் ஏறிக் குதித்து அங்கே நீந்தப் போவது நாலு பேருக்குப் பழக்கம். ஆழம் யாருக்கும் தெரியாது, அடியில் பாறை. முன்பு அங்கே ஒருத்தர் செத்திருக்கிறார் என்று பொட்டிக்கடை அண்ணன் சொன்னார். நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன், "போடா பயந்தாங்கொள்ளி" என்றார்கள். ஒரு நாள் வார்டனிடம் போய்ச் சொன்னேன். "பேரு வெளிய வராது தம்பி. கூப்பிட்டு வார்ன் பண்ணி விட்டுடுறேன்" என்றார். ஒரு வாரத்தில் நாலு பேருக்கும் சஸ்பென்ஷன், வீட்டில் இருந்து அப்பா அம்மாவை வரவழைத்து எல்லோர் முன்னாலும் திட்டு. அதில் ஒருத்தனுக்கு அட்டெண்டன்ஸ் பத்தாமல் பரீட்சை எழுத விடவில்லை. வருஷம் போச்சு.

அவன் இப்போது எனக்கு ஜூனியர் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். என் நண்பன். இந்தப் படத்தை அவனோடுதான் ஒரே ஹெட்போனில் ஆளுக்கொரு காது வைத்துப் பார்த்தேன். படிக்கட்டுக் காட்சியில் அவன், "இவனையெல்லாம் நிக்க வச்சு சுடணும் மாப்ள" என்றான். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

நான் சொன்னது நல்லதுக்குத்தான். ஆள் செத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அடுத்த செமஸ்டரில் ரூம் மாற்றியபோது எல்லோரும் கேட்டுக் கிடைக்காத அந்த மூலை ரூம், இரண்டு ஜன்னல் ரூம், கேட்காமலே எனக்கு வந்தது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இதை டைப் செய்வதும் அதே ரூமில் உட்கார்ந்துதான்.

மாப்ள, நான் எழுதுவதை நீ எப்படியும் படிப்பாய் என்று தெரியும். பத்து மணிக்கு மேல் ரூமில்தான் இருப்பேன். வா.